அறையை மூளை எப்படிப் படிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர்களும் உள்வடிவமைப்பு செய்பவர்களும் கட்டடக்கலை மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மூளை ஓர் அறையைப் புகைப்படம்போல எடுத்து வைத்துக்கொள்வதில்லை. எங்கே நிற்கலாம், எந்தப் பக்கம் நடக்கலாம், எதில் இடிப்போம் என்ற கணக்காகத்தான் அதை வாங்கிக்கொள்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

ஓர் அறைக்குள் நுழைந்ததும் மூளை முதலில் எதைக் கவனிக்கிறது?

பொருள்களை அல்ல. ஒரு காட்சியைப் பத்தில் ஒரு வினாடிக்கும் குறைவாகக் காட்டி மறைத்தாலும், அது திறந்த இடமா, மூடிய இடமா, ஆழமானதா, நடந்து கடக்கக்கூடியதா என்பதைச் சொல்லிவிட முடிகிறது. நாற்காலி எத்தனை, திரையின் நிறம் என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண்ணின் அமைப்பே இதற்குக் காரணம். விழித்திரையில் கூர்மையாகத் தெரியும் மையப் பகுதி சுமார் 2 டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அந்தச் சிறு வட்டத்தை வினாடிக்கு மூன்று தடவைபோல இங்குமங்கும் தாவவிட்டு, இடைவெளிகளை ஊகத்தால் நிரப்பிக்கொள்கிறது மூளை. மீதி எல்லாம் ஓரப்பார்வை. அதில் நுணுக்கம் இல்லை. வெளிச்சத் திட்டுகளும் பெரிய விளிம்புகளும் அசைவும் மட்டும் உண்டு.

எளிய சோதனை ஒன்று: வாசலில் நின்று கண்ணை முக்கால்வாசி மூடிப் பாருங்கள். மங்கலாக மிஞ்சும் வெளிச்சக் கட்டங்களும் இருள் கட்டங்களும்தான் அந்த அறை தரும் முதல் எண்ணம். கதவுக்கு நேர் எதிரே இருண்ட அலமாரி மட்டும் தெரிந்தால், பக்கத்தில் எவ்வளவு பெரிய ஜன்னல் இருந்தாலும் அறை 'அடைப்பாக' இருக்கிறது என்றுதான் வருபவர் சொல்வார்.

இடங்களை உணர்வதற்கென்று மூளையில் தனிப் பகுதி உண்டா?

உண்டு. ரஸ்ஸல் எப்ஸ்டைன், நான்சி கன்விஷர் இருவரும் 1998இல் எஃப்எம்ஆர்ஐ கருவியில் (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை ரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டும் ஸ்கேன்) கண்டறிந்த பகுதி ஒன்று, முகங்களையும் பொருள்களையும்விட இடங்களைக் காட்டும்போது அதிகம் கிளர்ந்தது. சுவாரசியம் எங்கே என்றால், தட்டுமுட்டுச் சாமான் எதுவும் இல்லாத வெற்று அறையைக் காட்டினாலும் அது கிட்டத்தட்ட அதே அளவு கிளர்ந்தது. அதே சாமான்களைச் சுவரில்லாமல் தனியாகக் காட்டியபோது அடங்கிவிட்டது. அதாவது அந்தப் பகுதிக்கு வேண்டியது சுவரும் தரையும் கூடும் கோடுகள், அந்த வெளியின் வடிவம்.

இதை ஒட்டிய பகுதிகள் பக்கவாதத்தில் பழுதானால், பொருள்களையும் மனிதர்களையும் சரியாக அடையாளம் காண்பவர்கூடத் தன் தெருவில் வழி தவறுவதுண்டு. பார்வை கெடவில்லை, நினைவும் பெரும்பாலும் கெடவில்லை. இடம் மட்டும் அவருக்கு இடமாகத் தெரிவதில்லை.

'மூளைக்குள் வரைபடம்' என்கிறார்களே, உண்மையில் என்ன இருக்கிறது?

1971இல் ஜான் ஓகீஃப், எலியின் மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஒரு வகைச் செல்களைக் கண்டார். எலி குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் குறிப்பிட்ட செல் துடித்தது. இவை இடச் செல்கள். தலை எந்தத் திசை நோக்கியிருக்கிறது என்பதைக் காட்டும் செல்கள் 1980களில் தெரியவந்தன. சீரான அறுகோணப் பின்னலாக இடத்தை அளக்கும் கட்டச் செல்களை மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு 2005இல் அறிவித்தது. ஓகீஃபுக்கும் மோசர்களுக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டடம் வரைபவருக்கு இவற்றில் முக்கியமானது இன்னொன்று. எலி ஓடும் பெட்டியின் ஒரு பக்கத்தை நீட்டியபோது, சில இடச் செல்கள் துடிக்கும் பரப்பும் அதே திசையில் நீண்டது. சுவர்தான் அளவுகோல் என்று பொருள். 'சுவர் இத்தனை தூரத்தில், இந்தத் திசையில்' என்பதற்கே துடிக்கும் எல்லைச் செல்களும் பின்னர் கிடைத்தன. வலிப்பு நோய்க்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்ட மனிதர்களிடமும் இடச் செல், கட்டச் செல் போன்ற துடிப்புகள் பதிவாகியுள்ளன. ஆனாலும் நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு எலியிடமிருந்து வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

பெரிய கட்டடங்களில் எதிர்த்திசையில் போய்விடுகிறோமே, ஏன்?

இதற்கு நல்ல விடை 1986இல் கென் செங் செய்த எலிச் சோதனையில் இருக்கிறது. செவ்வகப் பெட்டியின் ஒரு மூலையில் உணவைக் காட்டி, எலியை வெளியே எடுத்துத் திசை தெரியாமல் ஆக்கி மறுபடி உள்ளே விட்டார். சரியான மூலைக்குப் போனதற்கு நிகராக அதற்கு நேர் குறுக்கே எதிர்மூலைக்கும் போனது எலி. நீளச் சுவர் இடப்பக்கம், குட்டைச் சுவர் வலப்பக்கம் என்ற வடிவம் இரண்டு மூலைக்கும் ஒன்றுதானே! சுவரின் வெவ்வேறு அடையாளங்கள் உதவவில்லை. 1994இல் லிண்டா ஹெர்மர், எலிசபெத் ஸ்பெல்கி இருவரும் நடை பழகிய குழந்தைகளிடம் இதையே செய்து பார்த்தார்கள். ஒரு சுவர் நீல நிறமாக இருந்தும் குழந்தைகள் அதே தவறைச் செய்தன. பெரியவர்கள் நிறத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் அவசரத்திலும் பதற்றத்திலும் நாமும் முதலில் வடிவத்தை நம்பிவிடலாம்.

எனவே நடுவில் லிஃப்ட், இரு பக்கமும் ஒரே மாதிரி காரிடார் என்ற சமச்சீர் வரைபடம் தாளில் அழகு, நடப்பவருக்குப் பொறி. லிஃப்ட் கதவு திறந்ததும் 'இடமா வலமா' என்று எல்லோரும் தயங்கும் தளங்கள் இப்படிப்பட்டவை. பலர் செய்யும் திருத்தம், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வண்ணம் அடிப்பது. அது பாதி வேலைதான். வடிவத்தை உடைத்தால் முழுப் பலன்: ஒரு பக்கக் காரிடாரின் முடிவில் ஜன்னல், மறுபக்கத்தில் இல்லை, ஒரு பக்கம் அகலம் 2.4 மீட்டர், மறுபக்கம் 1.8 மீட்டர்; லிஃப்ட் முகப்பை நடுவிலிருந்து நகர்த்துதல்.

வரைபட நிலையிலேயே இதைச் சரிபார்க்கலாம்.

1. வாசலிலிருந்து முக்கியமான ஐந்து இடங்களுக்குப் போகும் வழிகளைக் கோடிட்டு, திரும்ப வேண்டிய ஒவ்வொரு புள்ளியிலும் வட்டம் போடுங்கள். ஒரு வழியில் வட்டங்கள் நான்கைத் தாண்டினால் வரைபடத்தையே மறுபடி யோசிக்க வேண்டும்.
2. ஒவ்வொரு வட்டத்திலும் நின்று, அடுத்த வட்டம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.
3. சிற்பம், செடித்தொட்டி, வண்ணச்சுவர் போன்ற அடையாளங்களை வட்டத்திலேயே வையுங்கள். இரண்டு வட்டங்களுக்கு நடுவே வைத்த அடையாளம் 'வழி சரிதான்' என்று ஆறுதல் தரும், திரும்பச் சொல்லாது.
4. குறைந்தது இரண்டு புள்ளிகளிலாவது வெளியுலகம் தெரியட்டும். தலைத்திசைக் கணக்கில் சேரும் பிழையை அந்த ஒரு பார்வை சரிசெய்துவிடும்.

'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' பலகையில் நடக்கும் தவறு தனி ரகம். பலகையைப் பார்த்து நிற்பவருக்கு முன்னால் இருப்பது படத்தில் மேலே இருக்க வேண்டும். ஒரே படத்தை அச்சடித்து எல்லாத் தளச் சுவர்களிலும் ஒட்டினால், சில இடங்களில் அது தலைகீழாக அமைந்துவிடும். மனதுக்குள் 180 டிகிரி சுழற்றும் வேலையில் பலர் நேர் எதிர்ப்பக்கம் போகிறார்கள். ஒவ்வொரு பலகைக்கும் தனிப் படம் வேண்டும், அவ்வளவுதான்.

சாய்கோணச் சந்திப்புகளும் இப்படியே. 60 டிகிரித் திருப்பத்தை நினைவு 90 டிகிரியை நோக்கி நிமிர்த்திவிடும். அப்படிப்பட்ட இரண்டு திருப்பங்கள் சேர்ந்தாலே மனவரைபடம் கோணிவிடும்.

கதவைத் தாண்டியதும் வந்த வேலை மறந்துபோகிறது. கட்டடம்தான் காரணமா?

ஓரளவு. கேப்ரியல் ராட்வான்ஸ்கி குழு 2011இல் காட்டியது இது: ஒரே தூரத்தை ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட, கதவு ஒன்றைக் கடந்தவர்கள் கையில் இருந்த பொருளை அதிகம் மறந்தார்கள். பழைய அறைக்குத் திரும்பிவந்தாலும் நினைவு திரும்பவில்லை. மூளை கதவை ஓர் அத்தியாய முடிவாக எடுத்துக்கொள்கிறது என்பது விளக்கம். ஆனால் 2021இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரே மாதிரி அறைகளுக்கிடையே இருந்த கதவுகள் மறதியை உண்டாக்கவில்லை. நினைவுக்குச் சுமை ஏற்றியபோது மட்டும் லேசாகத் தெரிந்தது. ஆகவே கதவுகளைக் குறைத்தால் மறதி போய்விடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சீலிங் எவ்வளவு உயரம் இருந்தால் நன்றாக உணர்வோம்?

2007இல் வந்த மேயர்ஸ்-லெவி, ஜூ ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். சுமார் 3 மீட்டர் சீலிங் அறையில் இருந்தவர்கள் பொதுமைப்படுத்தும் சிந்தனைக்கும், 2.4 மீட்டர் அறையில் இருந்தவர்கள் நுணுக்கம் பார்க்கும் சிந்தனைக்கும் சாய்ந்தார்கள். அந்த விளைவு வர, சீலிங் உயரம் அவர்கள் கவனத்தில் பட்டாக வேண்டும் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஆய்வை நம்பித் தளத்துக்கு அரை மீட்டர் கூட்டுவது நியாயமில்லை.

இதைவிடப் பயன் தருவது எளிய கோணக் கணக்கு. நிற்பவரின் கண் உயரம் 1.6 மீட்டர், சீலிங் 3 மீட்டர் என்றால் வித்தியாசம் 1.4 மீட்டர். எதிர்ச்சுவர் 3 மீட்டர் தூரத்தில் இருந்தால், சீலிங் விளிம்பு பார்வைக் கோட்டுக்கு மேலே 25 டிகிரியில் இருக்கும். 4 மீட்டரில் 19 டிகிரி. 10 மீட்டரில் 8 டிகிரிதான்; அதாவது சீலிங் நேராகக் கண்முன் இறங்கிவந்து நிற்கும். படுக்கையறையில் தாராளமாகத் தெரிந்த அதே 3 மீட்டர், கூடத்தில் தலையை அழுத்துவது இதனால்தான். கூடத்தின் நீளம் இரட்டிப்பானால், அதே கோணத்தைத் தக்கவைக்க, கண்மட்டத்துக்கு மேலுள்ள உயரமும் இரட்டிக்க வேண்டும். அது நடைமுறையில் முடியாது. அதற்குப் பதில் தூரச் சுவரை ஒட்டிய கடைசி 2 மீட்டரில் மட்டும் ஃபால்ஸ் சீலிங்கைத் தவிர்த்து உயர்த்திவிடுங்கள். கண் அங்கேதான் மோதுகிறது.

வண்ணத்தில் பரவலான நம்பிக்கை ஒன்று: சீலிங் சுவரைவிட வெளிறியிருந்தால் உயரமாகத் தெரியும் என்பது. ஓபர்ஃபெல்ட், ஹெஷ்ட் ஆகியோரின் 2010 ஆய்வில், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாக இருக்கவில்லை. சீலிங் வெளிறினால் உயரம் கூடியது. சுவர் வெளிறினாலும் கூடியது. இரண்டும் தனித்தனியாகக் கூட்டிக்கொண்டன. தரையின் நிறத்தால் மாற்றம் இல்லை. எனவே சீலிங் வெள்ளையாக இருக்கட்டும் என்று சுவரை இருட்டாக்குவது நஷ்டம்.

சிறிய அறையைப் பெரிதாக உணரவைக்க எது உண்மையில் உதவும்?

மூளை அளப்பது தூரத்து விளிம்பை. ஆகவே முதல் வேலை, அறையின் மிக நீளமான பார்வைக்கோட்டைக் கண்டுபிடிப்பது. பெரும்பாலும் அது வாசலிலிருந்து மூலைவிட்டமாகப் போகும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் மூலைவிட்டம் 5 மீட்டர். அந்த மூலையில் உயரமான அலமாரியை வைத்தால் அறைக்கு இருக்கும் ஒரே நீளத்தையும் வெட்டிவிட்டீர்கள். அதை வாசல் இருக்கும் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள், தூர மூலையில் விளக்கு வையுங்கள்.

இரண்டாவது, தரையும் சுவரும் சேரும் கோடு தெரிய வேண்டும். கால் உள்ள கட்டில், சுவரில் மாட்டிய அலமாரி ஆகியவை பெரிதாகக் காட்டுவதன் ரகசியம் இதுதான். 15 செ.மீ. இடைவெளி இருந்தாலே தரை தொடர்வது கண்ணுக்கு எட்டும்.

கண்ணாடி உதவும், ஆனால் எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்து. ஜன்னலையோ வெளிச்சமான சுவரையோ காட்டினால் ஆழம் கூடும். உட்கார்ந்திருப்பவரின் ஓரப்பார்வையில் நடமாடுபவர்களைக் காட்டினால், அசைவுக்குத் திரும்பும் பழக்கம் விடாது. ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும்.

வளைவான சுவர்கள் மனதுக்கு இதமா?

படங்களைக் காட்டிக் கேட்டால் பலரும் வளைவையே அழகு என்கிறார்கள். 2013இல் ஓஷின் வர்தானியன் குழு செய்த எஃப்எம்ஆர்ஐ ஆய்வும் அப்படியே காட்டியது. ஆனால் அதே ஆய்வில், 'இந்த அறைக்குள் போவீர்களா' என்ற கேள்விக்கு வளைவு பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அழகு என்பதும் போக விரும்புவதும் வேறு வேறு. வளைந்த சுவரில் நேரான அலமாரி ஒட்டாது என்ற நடைமுறைச் சிக்கலையும் கணக்கில் சேருங்கள்.

எந்த நிறம் அமைதி தரும்?

நம்பத்தக்க பட்டியல் எதுவும் இல்லை. 1979இல் சிறை அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு அடித்தால் கைதிகளின் மூர்க்கம் அடங்கும் என்று பெரும் பேச்சு கிளம்பியது. கட்டுப்பாட்டுடன் 2015இல் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. நிறத்தின் பெயரைவிட அது எவ்வளவு வெளிறியது, எவ்வளவு அடர்த்தியானது என்பதே அறையின் உணர்வை மாற்றுகிறது.

ஒலிக்கும் அறையின் உணர்வுக்கும் என்ன தொடர்பு?

நிறைய, ஆனால் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு இடத்தில் காலடி வைத்தாலே அது குளியலறையா, கூடமா, வெளியா என்று தெரிந்துவிடும். சுவரில் பட்டு வரும் எதிரொலி சுமார் 50 மில்லி வினாடிக்குள் திரும்பினால், மூளை அதைப் பேச்சோடு சேர்த்துக் கேட்கிறது. அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் 17 மீட்டர். அதற்கு மேல் தாமதித்து வருவது பேச்சைக் குழப்பத் தொடங்கும். குழப்பத்தைப் பிரித்தெடுக்க மூளை உழைக்கிறது. 'இந்த அறையில் இருந்தாலே களைப்பாக இருக்கிறது' என்ற புகாரில் கணிசமான பங்கு இதற்கு உண்டு.

கணக்கிடலாம். வாலஸ் சபைனின் சூத்திரப்படி ஒலி அடங்கும் நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். 6 மீட்டர், 5 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் கன அளவு 90 கன மீட்டர், மொத்தப் பரப்பு 126 சதுர மீட்டர். டைல்ஸ், பூச்சு, கண்ணாடி மட்டும் இருந்தால் சராசரி உறிஞ்சல் எண் (படும் ஒலியில் எத்தனை பங்கைப் பரப்பு உறிஞ்சுகிறது என்பது) 0.05 என்று வைக்கலாம். பரப்பை அதனால் பெருக்கினால் மொத்த உறிஞ்சல் 6.3. விடை 2.3 வினாடி. பேச்சு புரிய வேண்டிய வகுப்பறை அளவு அறைக்கு 0.6 வினாடி நல்ல இலக்கு. அதற்கு உறிஞ்சல் 24 ஆக வேண்டும். உறிஞ்சல் எண் 0.8 உள்ள பலகையைச் சீலிங்கில் பதித்தால் சதுர மீட்டருக்கு 0.75 கூடுதலாகக் கிடைக்கும். இலக்குக்குப் போதாமல் இருப்பது சுமார் 18. ஆக 24 சதுர மீட்டர் பலகை தேவை. சீலிங்கில் ஐந்தில் நான்கு பங்கு. திரை, சோஃபா, மனிதர்கள் ஆகியவை கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும்.

தவறுகள் மூன்று இடத்தில் நடக்கின்றன. மெல்லிய கார்ப்பெட் கீச்சொலியை மட்டும் குடித்துவிட்டுக் கீழ்ச்சுருதியை விட்டுவிடும். அறை மந்தமாக முழங்கும். திரையை மடிப்பில்லாமல் தட்டையாகத் தொங்கவிட்டால் பலன் குறையும். ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும். எதிரெதிரே வெற்றுச் சுவர்கள் இருந்தால் கைதட்டும்போது 'டர்ர்' என்று படபடக்கும் ஒலி எழும். சீலிங்கில் எவ்வளவு பலகை போட்டாலும் அது போகாது, இரண்டு சுவர்களில் ஒன்றின் வெறுமையையாவது உடைக்க வேண்டும். புத்தக அலமாரி போதும்.

திறந்த அலுவலகங்களில் பிரச்சினை வேறு. அங்கே இடைஞ்சல் செய்வது சத்தத்தின் அளவைவிட, புரியும் பேச்சு. கேட்க விரும்பாவிட்டாலும் சொற்கள் நினைவின் வேலைமேடையில் ஏறி அமர்ந்துகொள்ளும். அறை அளவுக்கு மீறி அமைதியாக இருந்தால், பத்து மீட்டர் தள்ளிப் பேசுவதும் தெளிவாகக் கேட்டு நிலைமை மோசமாகும்.

வெளிச்சம் எவ்வளவு, எப்படி?

விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, உடல் கடிகாரத்துக்கு நேரம் சொல்லும் செல்களும் உண்டு என்பதை டேவிட் பெர்சன் குழு 2002இல் நிறுவியது. அவை சுமார் 480 நானோமீட்டர் நீலத்துக்கு அதிகம் இசையும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். வழக்கமான அலுவலக மேசையில் 300 முதல் 500. மேசையில் விழுவதை அளக்கிறோம்; கடிகாரத்துக்கு வேண்டியதோ கண்ணில் விழுவது. லக்ஸ் மீட்டரைக் கண் அருகே செங்குத்தாகப் பிடித்தால், மேசையில் காட்டியதில் பாதிகூட வராத அறைகள் ஏராளம். வெளிச்சத்தைக் கீழ்நோக்கி மட்டும் கொட்டாமல் சுவரில் படவைப்பது இதைச் சரிசெய்யும். அறையும் பெரிதாகத் தெரியும்.

நுழைவாயிலில் நடப்பது வேறு. வெளியிலிருந்து 100 லக்ஸ் உள்ள காரிடாருக்குள் வந்தால் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. கண்மணி விரிய சில வினாடிகள், விழித்திரை நிறமிகள் முழுமையாகத் தேற பல நிமிடங்கள். வாசலைத் தாண்டிய முதல் 2 மீட்டரில் படியோ நிலைப்படியோ வைக்காதீர்கள். பகலில் அந்த இடத்துக்கு உள்ளறையைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், இரவில் குறைவாக. நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

மினுங்கலும் உண்டு. பழைய சோக் வைத்த குழல் விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடித்தன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நரம்புக்குத் தெரியும். 1989இல் வெளியான அலுவலக ஆய்வில், உயர் அதிர்வெண் மின்னணுச் சோக்குக்கு மாறியபோது தலைவலியும் கண்வலியும் பாதியாகவோ அதற்குக் கீழாகவோ குறைந்தன. மலிவான எல்இடி டிரைவர்கள் அதே நோயைத் திரும்பக் கொண்டுவருகின்றன.

பட்டைக் கோடுகள் உள்ள சுவரைப் பார்த்தால் ஏன் கண் கூசுகிறது?

ஒரு டிகிரிக்குள் சுமார் மூன்று ஜோடிக் கோடுகள் (ஒரு கருப்பு, ஒரு வெள்ளை சேர்ந்து ஒரு ஜோடி) விழுந்தால், பார்வையைக் கையாளும் மூளைப் பகுதி அளவுக்கு மீறிக் கிளர்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இது இன்னும் கடுமை. ஒரு டிகிரி என்பது தூரத்தை 0.0175ஆல் பெருக்கினால் வருவது. 3 மீட்டரில் 5.2 செ.மீ.; ஆகவே ஜோடிக்கு 1.7 செ.மீ. இடைவெளி உள்ள கோடுகள் மோசமானவை. 6 மீட்டரில் 3.5 செ.மீ.; 2 செ.மீ. மரச்சட்டம், 1.5 செ.மீ. இடைவெளி என்ற பிரபலமான அமைப்பு வரவேற்புக் கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்குச் சரியாக இந்தக் கண்ணியில் விழுகிறது. சட்டத்துக்கும் பின்பலகைக்கும் ஒரே நிறம் கொடுத்தால் வேறுபாடு குறைந்து பிரச்சினை அடங்கும். அல்லது இடைவெளியைப் பெரிதாக்குங்கள்.

படிக்கட்டில் இடறுவதற்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டா?

இடறலில் பெரும்பகுதி காலின் குற்றமல்ல, ஊகத்தின் குற்றம். முதல் இரண்டு மூன்று படிகளில் உயரத்தைக் கால் கற்றுக்கொள்கிறது; பிறகு கண் விலகிவிடும். பாதம் படி விளிம்பைச் சில செ.மீ. இடைவெளியில்தான் கடக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, ஒரே வரிசைக்குள் மிகப் பெரிய படிக்கும் மிகச் சிறிய படிக்கும் 9.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது.

தளத்தில் இது கெடும் விதம் எப்போதும் ஒன்றுதான். கான்கிரீட் படிகள் சமமாக வார்க்கப்படும். பிறகு கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் 5 செ.மீ. தரைப்பூச்சும் டைல்ஸும் ஏறும். படியில் 3 செ.மீ. கல் மட்டும். முதல் படி 2 செ.மீ. குட்டையாகிவிடும், மேல்தளத்துக்கு ஏறும் கடைசிப் படி அதே அளவு நெட்டையாகிவிடும். வார்ப்பதற்கு முன்பே முடிவுத் தரைமட்டத்திலிருந்து முடிவுத் தரைமட்டம்வரை அளந்து பங்கிட வேண்டும். அளவுக்கு, படி உயரத்தின் இரண்டு மடங்கோடு மிதி அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 65 செ.மீ. வர வேண்டும் என்ற பழைய பிரெஞ்சு விதி இன்றும் நன்றாக வேலை செய்கிறது: 17 உயரம், 29 அகலம் என்றால் 63.

தனி ஒரு படி மட்டும் இருப்பது மூன்று படிகளைவிட ஆபத்து. ஒரு படியை ஓரப்பார்வை தரை என்றே எடுத்துக்கொள்ளும்.

உட்காரும் இடத்தை மூளை எப்படித் தேர்கிறது?

முதுகுக்குப் பின்னால் மறைப்பு, முன்னால் திறந்த பார்வை. இந்தக் கருத்தை ஜே ஆப்பிள்டன் 1975இல் முன்வைத்தார். சோதனை முடிவுகள் கலவையானவை, ஆனாலும் காலியாக உள்ள கூடத்தில் முதலில் நிரம்புவது ஓர மேசைகள்தான். உடலைச் சுற்றிய இடத்தை மூளை தனியாகக் காவல் காக்கிறது. எட்வர்ட் ஹால் 1966இல் தந்த அளவுகள் (45 செ.மீ. நெருக்கம், 1.2 மீட்டர்வரை தனிப்பட்டது, 3.6 மீட்டர்வரை சமூகத் தூரம்) அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை வைத்துச் சொல்லப்பட்டவை, பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார். அவற்றைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தால் நோய் சீக்கிரம் குணமாகுமா?

ரோஜர் அல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேர். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து, மரம் தெரியும் ஜன்னல், செங்கல் சுவர் தெரியும் ஜன்னல் என்று 23 ஜோடிகளாக ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரி 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் 8.70 நாளில். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். வெறும் 46 பேர், ஒரே மருத்துவமனை. திசை சரி; எண்ணைப் பெரிதாகப் பிடித்துத் தொங்க வேண்டாம். படுத்திருப்பவரின் கண் உயரத்திலிருந்து மரம் தெரிகிறதா என்று பார்க்காமல் ஜன்னல் அடிமட்டத்தை ஒரு மீட்டருக்கு மேல் வைத்துவிட்டால் வானம் மட்டும்தான் தெரியும்.

வயதானவர்களுக்கும் டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களுக்கும் என்ன மாற்ற வேண்டும்?

அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று, கட்டச் செல்கள் இருக்கும் புறணிப்பகுதி. அதனால் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே வழி தவறுதல் தொடங்கலாம். வெளிர்த் தரையில் போட்ட கருப்பு மிதியடி அவர்களுக்குக் குழியாகத் தெரியும்; தாண்டவோ ஒதுங்கவோ போய் விழுவார்கள். பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியும். தரைகள் சேரும் இடத்தில் நிறம் ஒன்றாக இருக்கட்டும். மாறாக, தரைக்கும் சுவருக்கும், சுவருக்கும் கதவுக்கும், கழிப்பறை இருக்கைக்கும் பின்னணிக்கும் வேறுபாடு பலமாக இருக்க வேண்டும். ஒளி திருப்பும் அளவில் (படும் ஒளியில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்புகிறது என்பது) 30 புள்ளி வித்தியாசம் என்பது பிரிட்டனில் பின்பற்றப்படும் அளவு. பெயின்ட் நிறுவன அட்டைகளில் அந்த எண் அச்சிட்டிருக்கும். இரவில் படுக்கையிலிருந்தே கழிப்பறை தெரிய வேண்டும். தெரியாத கதவு அவர்களுக்கு இல்லாத கதவு.

முப்பரிமாணப் படத்தில் பெரிதாகத் தெரிந்த அறை, கட்டிய பிறகு சிறிதாக இருக்கிறதே?

படம் பொய் சொல்லவில்லை, அகலமாகச் சொன்னது. 18 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக 90 டிகிரியைப் பிடிக்கும், 24 மி.மீ. சுமார் 74 டிகிரியை. அதைத் திரையில் 30 டிகிரி அளவில் பார்க்கும்போது எல்லாம் சுருங்கித் தூரத்தில் இருப்பதாக மூளை கணக்கிடுகிறது. போதாக்குறைக்கு, பார்த்த படத்தை நினைவுகூரும்போது ஓரங்களுக்கு அப்பாலும் இருந்ததாக மூளை நீட்டிக்கொள்ளும். இன்ட்ராப், ரிச்சர்ட்சன் இருவரும் 1989இல் காட்டிய விளைவு இது. தலையில் மாட்டும் விஆர் கருவியில் பிழை எதிர்ப்பக்கம்: தூரங்கள் உள்ளதைவிடக் குறைவாக உணரப்படும்.

இரண்டையும் திருத்த மாஸ்கிங் டேப் போதும். வெற்றுத் தரையில் சுவர்களை முழு அளவில் ஒட்டுங்கள், கதவு திறக்கும் வில்லையும் வரையுங்கள். கட்டில், மேசை அளவுக்கு அட்டைப்பெட்டிகளை வையுங்கள். கோட்டைத் தாண்டாமல் இருபது நிமிடம் நடந்து, உட்கார்ந்து, எழுந்து பாருங்கள். சுவர் இல்லாததால் டேப் அறை சற்றுச் சிறிதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். முட்டியும் முழங்கையும் எங்கே இடிக்கிறது என்பதை மட்டும் நம்புங்கள்.

'நியூரோ ஆர்க்கிடெக்சர்' என்று விற்கப்படுவதை எவ்வளவு நம்பலாம்?

மூளை ஆய்வைக் கட்டடக்கலையோடு இணைக்கும் இந்தத் துறை உண்மையானது, அதற்கான அகாடமி ஒன்று சான் டியாகோவில் 2003இல் தொடங்கப்பட்டது. சிக்கல், சான்றின் தன்மையில். எஃப்எம்ஆர்ஐ ஆய்வில் இருப்பவர் குழாய்க்குள் அசையாமல் படுத்துப் படம் பார்க்கிறார். நடப்பதில்லை, தலை திருப்புவதில்லை, எதிரொலி கேட்பதில்லை. ஓர் அறையை அறையாக்கும் முக்கால்வாசி விஷயம் அங்கே இல்லை. 'இந்த வடிவம் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூட்டும்' என்று யாராவது சொன்னால், எத்தனை பேரிடம் அளந்தார்கள், படத்திலா அறையிலா, எவ்வளவு நேரம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டாவது கேள்வியிலேயே பெரும்பாலும் பேச்சு மாறும்.

கட்டி முடித்துவிட்டோம், அறை சரியாக இல்லை. எதில் தொடங்கலாம்?

பெயின்டில் தொடங்காதீர்கள். முதலில் நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள். கதவு முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். அடுத்து கை தட்டிப் பாருங்கள். பிறகு பகல், இரவு இரண்டு நேரமும் கண் மட்டத்தில் வெளிச்சத்தை அளந்து, தூரச் சுவரில் ஒரு விளக்கைத் திருப்பிவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம் விடுங்கள். முதல் நாள் தெரிவது மாற்றத்தின் புதுமை மட்டும்தான். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.